ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு

 



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் மஹல்லாவில் சிறியதொரு ஜவுளிக்கடை நடத்திவரும் சகோதரர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். சிறிது நேரம் எதையெதையோ பேசிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு சுடிதார் துணிக்கு ஐந்நூறு ரூபாய் என்று விலை எழுதி வைத்திருந்தேன். எதிர்க்கடையில் அதே துணிக்கு 499. என் கடை வாசல் வரை வந்தவர்கள்கூட விலையைப் பார்த்துவிட்டு அங்கே போய்விடுகிறார்கள். பிள்ளைகள் சொன்னார்கள் என்று நானும் 499 என்று மாற்றி எழுதினேன். வியாபாரம் நடக்கிறது. ஆனால் மனம் உறுத்துகிறது. ஒரு ரூபாயைக் குறைத்துக் காட்டி ஜனங்களை ஏமாற்றுகிறேனோ என்று தோன்றுகிறது. இது கூடுமா, கூடாதா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், அதைக் கேட்ட உள்ளம் சிறியதன்று. அன்னாருக்குச் சொன்ன பதிலை இன்று உங்கள் அனைவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏனெனில் விற்பவர்கள் நம்மில் சிலர். வாங்குபவர்கள் நாம் எல்லோரும்.

ஒன்று குறைத்து விலை எழுதும் இவ்வழக்கத்தின் முழு உருவத்தையும் காண வேண்டுமானால், அமெரிக்காவின் பெட்ரோல் பங்க்குகளைப் பார்க்க வேண்டும். அங்கே பெட்ரோலைக் கேலன் கணக்கில் விற்கிறார்கள். ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். சாலையில் வேகமாகச் செல்வோர் கண்ணில் படும்படி உயரமான பலகையில் விலை எழுதப்பட்டிருக்கும். 2.99 என்று பெரிய எண்கள். அவற்றின் தோளில் தொற்றிக்கொண்டாற்போல் சின்னஞ்சிறியதாக இன்னொரு 9. பல இடங்களில் அதன் கீழே ஒரு கோடும் 10 என்ற எண்ணும் இருக்கும். இதன் பொருள், இரண்டு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட்டும், மேற்கொண்டு ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்பது பங்கும் என்பதாகும். மூன்று டாலருக்கு, பத்தில் ஒரு சென்ட் மட்டுமே குறைவு! பத்துக் கேலன் நிரப்பினால் 29 டாலர் 99 சென்ட். முழுதாக மூன்று டாலர் என்று விற்றிருந்தால் 30 டாலர். அத்தனை பெரிய வண்டியின் வயிற்றை நிரப்பிய பிறகு வாங்கியவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சென்ட்.

பத்தில் ஒரு சென்ட் என்ற நாணயம் அவர்களிடம் இருக்கிறதா என்றால், இல்லை. 1792-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் டாலரை ஆயிரமாகப் பங்கிட்டு, அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 'மில்' என்று பெயர் மட்டும் சூட்டியது. அந்நாட்டு மத்திய அரசு அதை நாணயமாக வார்க்கவே இல்லை. அரை சென்ட் நாணயம் ஒன்று இருந்தது. அதையும் 1857-இல் நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பரில் புழக்கத்திற்கான ஒரு சென்ட் நாணயம் வார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் பலகையில் அந்தச் சிறிய ஒன்பது அசையாமல் நிற்கிறது.

இது எப்படி வந்தது? தொடக்கத்தில் இதற்கு நியாயமான காரணம் இருந்தது என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். பெட்ரோலுக்கு வரி விதிப்பதை 1919-இல் ஓரிகன் மாநிலம் தொடங்கி வைத்தது. 1932-இல் அமெரிக்க மத்திய அரசு கேலனுக்கு ஒரு சென்ட் வரி போட்டது. அடுத்த ஆண்டே அது ஒன்றரை சென்ட் ஆயிற்று. அன்றைக்கு ஒரு கேலன் பெட்ரோலின் விலையே இருபது சென்ட்டுக்கும் குறைவு. இருபதில் ஒன்று என்பது இன்று நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐந்து ரூபாய் ஏற்றுவதைப் போன்றது. அப்படிப்பட்ட காலத்தில், வரி அரை சென்ட் ஏறினால் விலையை ஒரு சென்ட் ஏற்றுவது அநியாயம். ஏற்றாவிட்டால் கடைக்காரருக்கு நட்டம். ஆகவே சென்ட்டைத் துண்டு போட்டு விலை சொல்லும் வழக்கம் பிடித்துக்கொண்டது. இன்றும் அவர்களின் மத்திய வரி 18.4 சென்ட் என்று துண்டாகத்தான் நிற்கிறது. 1993 முதல் அதே அளவு.

ஆனால் விலை டாலர் கணக்கில் ஏறிய பிறகு பத்தில் ஒரு சென்ட்டுக்கு என்ன மதிப்பு? நியாயம் மறைந்துவிட்டது, வழக்கம் நின்றுவிட்டது. அதுவும் எப்படி நின்றது பாருங்கள்! வரிக்காகத் துண்டு போட்டதாக இருந்தால் சில நாள் மூன்றாகவும் சில நாள் ஆறாகவும் அல்லவா அந்தத் துண்டு இருக்க வேண்டும்? எப்போதும் ஒன்பதாகவே இருக்கிறது. ஒரு பங்க்காரர் நேர்மையாக 3.00 என்று எழுதினால், எதிர்ப்புறத்தில் 2.99 என்று பெரிதாக எழுதிய பலகைக்கு வண்டிகள் திரும்பிவிடும் என்ற அச்சம். நம் ஜவுளிக்கடைச் சகோதரரின் அச்சமும் இதுதான். பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூடப் பெட்ரோல் விலை இப்படிப் புள்ளி ஒன்பதில்தான் பெரும்பாலும் முடிகிறது.

அமெரிக்கர்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 37 கோடி கேலன் பெட்ரோல் எரிக்கிறார்கள். கேலனுக்குப் பத்தில் ஒன்பது சென்ட் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 33 லட்சம் டாலர் வருகிறது. இதைக் கேட்டவுடன் 'அடடா, கொள்ளை!' என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சிறிய எண் இல்லாவிட்டால் அவர்கள் 2.99 என்று விற்பார்களா, 3.00 என்று விற்பார்களா என்பதை யாரறிவார்? அற்பம் என்று நாம் பார்க்காமல் விடுவது, கூட்டிப் பார்த்தால் அற்பமாக இருப்பதில்லை என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொன்னேன்.

பெட்ரோல் அல்லாத பிற பொருள்களில் இவ்வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்கு வேறொரு கதை சொல்வார்கள். 1879-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ரிட்டி என்பவர் கல்லாப்பெட்டி இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். வேலையாட்கள் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டதைத் தடுக்கவே அதைச் செய்தார். முழு டாலர் விலையாக இருந்தால் வாங்குபவர் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வேலையாள் அதைக் கல்லாவில் பதியாமலே வைத்துக்கொள்ள முடியும். விலை ஒரு சென்ட் குறைவாக இருந்தால் மீதி கொடுத்தே ஆக வேண்டும். மீதி கொடுக்கப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் மணி அடிக்கும், கணக்கில் ஏறும். இதுதான் 99-இன் பிறப்பு என்று ஆய்ந்து நிறுவப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆயினும் வணிகர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் விளக்கம் இது. இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கட்டாயம் கொடுக்க வைப்பதற்காக வந்தது என்று சொல்லப்படும் விலை, நம் ஊரில் மீதியைக் கொடுக்காமல் விடுவதற்கான விலையாக மாறிவிட்டது. இதற்குப் பிறகு வருகிறேன்.

செக் நாட்டில் இத்தகைய விலைக்கு 'பாட்டா விலை' என்றே பெயர். ஸ்லின் என்ற ஊரில் 1894-இல் தொடங்கப்பட்ட காலணி நிறுவனத்தின் பெயரால் வந்த வழக்கு அது. நம் நாட்டிலும் அந்தப் பெயர் வழங்குகிறது. 99 ரூபாய் 95 காசு என்று செருப்பு வாங்கிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மீதி ஐந்து காசை யார் கேட்டு வாங்கினார்கள் என்பது வேறு விஷயம். 2011 ஜூன் 30-உடன் 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவையாகிவிட்டன.

ஏன் இந்த ஒன்பது மனிதனை இவ்வாறு இழுக்கிறது? நாம் எண்ணை இடப்பக்கத்திலிருந்து படிக்கிறோம். 499 என்பதில் முதலில் கண்ணில் படுவது நான்கு. அந்த நான்கு மனத்தில் பதிந்த பிறகு, பின்னால் வரும் இரண்டு ஒன்பதுகளும் எவ்வளவு பெரியவையானாலும் அதை முழுதாக அழிப்பதில்லை. எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்களின் ஆடைகளை அஞ்சல் வழியே விற்கும் நிறுவனத்தின் பட்டியலில், ஒரே ஆடைக்கு 34, 39, 44 டாலர் என்று மூன்று விலைகளை வெவ்வேறு பிரதிகளில் அச்சிட்டுப் பார்த்தார்கள். குறைந்த விலையில்தான் அதிகம் விற்றிருக்கும் என்று நாம் நினைப்போம். அதிகம் விற்றது 39 டாலருக்கு! ஐந்து டாலர் கூடுதலாகக் கொடுத்து மக்கள் அதிகமாக வாங்கியிருக்கிறார்கள்.

விவரமறிந்த வணிகர்கள் இதிலிருந்து தப்பிவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். பழைய கார்களின் ஏல விற்பனையில் 2 கோடியே 20 லட்சத்திற்கும் அதிகமான விற்பனைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 79,900-க்கு மேல், ஆனால் 80,000 மைலைத் தொடாமல் ஓடிய வண்டி, 80,000-ஐச் சற்றே தாண்டிய வண்டியைவிட ஏறத்தாழ 200 டாலர் அதிகமாக விலை போயிற்று. இடையில் ஓடியது நூறு மைலுக்கு உட்பட்ட தூரம். முதல் எண் ஏழா எட்டா என்பதுதான் வேறுபாடு.

நம் ஊரில் 2021 ஜூலையை நினைத்துப் பாருங்கள். சென்னையில் பெட்ரோல் விலை லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியது. முதல் நாள் தொண்ணூற்றொன்பது ரூபாயும் சில காசுகளும். மறுநாள் நூறு ரூபாயும் சில காசுகளும். ஏறியது காசுக் கணக்கு. ஆனால் அன்றுதான் டீக்கடை முதல் திண்ணை வரை எல்லாரும் பேசினார்கள். இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோல் விலையில் வரும் காசுகள் கண்ணைக் கவர்வதற்காக வைக்கப்பட்டவை அல்ல; கணக்கிட்டு வரும் தொகை எதுவோ அதுவே எழுதப்படுகிறது. 2017 ஜூன் 16 முதல் அதை நாள்தோறும் மாற்றியமைக்கும் முறை வந்தது. அத்துடன் நம்மில் பெரும்பாலோர் 'நூறு ரூபாய்க்குப் போடு' என்றுதானே கேட்கிறோம்? அங்கே காசு மிஞ்சுவதில்லை, அளவுதான் கூடிக் குறைகிறது. ஆகவே அந்த இடத்தில் நம் கவலை விலையில் அன்று, அளவில்.

சகோதரர்களே, நம் தாய்மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. 'தொண்ணூறு' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அதற்குள் நூறு இருக்கிறது. 'தொள்ளாயிரம்' என்று சொல்லுங்கள். அதற்குள் ஆயிரம் இருக்கிறது. எழுதப்பட்ட 999 கண்ணை ஏமாற்றலாம். வாய்விட்டுத் 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது' என்று சொல்பவரின் காதில் ஆயிரம்தான் முதலில் விழுகிறது. தாய்மார்களே, கடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது விலையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்; கண்ணால் மட்டும் பார்க்க விடாதீர்கள்.

எண்ணை ஐயத்திற்கிடமின்றிச் சொல்வதில் நம் தலைவர் (ஸல்) அவர்கள் காட்டிய முறையைப் பாருங்கள். அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது திருநாமங்கள் உண்டு என்று கூறியபோது, அதனுடனே நூற்றுக்கு ஒன்று குறைவு என்றும் சேர்த்துச் சொன்னதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. கேட்பவருக்குத் தடுமாற்றம் நேராதிருக்கவே அவ்வாறு விளக்கினார்கள் என்று விரிவுரையாளர்கள் காரணம் கூறுகின்றனர். அல்லாஹ்வின் திருநாமங்களைக் கடைச்சரக்கோடு ஒப்பிடுவதை விட்டும் அவனிடமே பாதுகாப்புத் தேடுகிறேன். தொண்ணூற்றொன்பது என்று சொல்லும் நாவு, அது நூறை அடுத்து நிற்பதை மறைக்காமல் சொன்ன அழகையே எடுத்துக் காட்டினேன்.

இனி நம் சகோதரரின் கேள்விக்கு வருவோம். 499 என்று எழுதுவது ஹராமா?

ஹராம் என்று சொல்ல நான் துணியவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது, தாங்கள் விலையை நிர்ணயித்துத் தர வேண்டும் என்று மக்கள் கேட்க, அண்ணலார் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலைகளை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே என்றும், எவருடைய பொருளிலும் உயிரிலும் அநீதி செய்ததாகத் தம்மீது குற்றச்சாட்டு இல்லாத நிலையில் தம் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் கூறிவிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. தன் பொருளுக்குத் தான் விரும்பும் விலையைச் சொல்ல விற்பவனுக்கு உரிமை உண்டு. 499 என்பதில் ஓர் எண்ணும் மறைக்கப்படவில்லை. மூன்று எண்களும் ஒரே அளவில் எழுதப்பட்டிருந்து, வாங்குபவர் அதைப் பார்த்து மனமொப்பிக் கொடுத்தால் அது செல்லுபடியாகும் வியாபாரம். 'ஒன்பதில் முடியும் விலையெல்லாம் மோசடி' என்று ஃபத்வா கொடுப்போர், மார்க்கம் தடுக்காததைத் தடுக்கிறார்கள் என்பதே என் கருத்து.

ஆனால் உறுத்திய அந்த மனத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஏனெனில் வாயால் பொய் சொல்லாமலே கண்ணை ஏமாற்றும் வியாபாரம் ஒன்று அக்காலத்து அரபுச் சந்தையிலும் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க நினைப்பவன், சந்தைக்குக் கொண்டு வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் மடியைக் கட்டிவைப்பான். மடி பருத்துத் தொங்கும். பார்ப்பவர் 'நிறையப் பால் தரும்' என்று எண்ணி அதிக விலை கொடுப்பார். விற்பவன் 'இது இத்தனை படி கறக்கும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! ஆடும் உண்மை, மடியும் உண்மை, உள்ளே இருக்கும் பாலும் உண்மை. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படிப்பட்டதை வாங்கிவிட்டவர், கறந்து பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் ஒரு ஸாவு பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள செய்தி இது. திருப்பிக் கொடுக்கும் சட்டத்தின் நுணுக்கங்களில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் செயல் தடுக்கப்பட்டது என்பதில் வேறுபாடு இல்லை.

499-க்கும் கட்டிய மடிக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள். விலைச்சீட்டில் உள்ளது முழுதும் வெளியே தெரிகிறது. மடிக்குள் இருப்பது தெரிவதில்லை. ஆகவே 499 கட்டிய மடி அன்று. ஆனால் கடைத்தெருவில் மடியைக் கட்டியவர்கள் இல்லாமல் இல்லை. '199' என்று முழ உயரத்தில் எழுதி, அதன் காலடியில் எறும்பு எழுத்தில் 'முதல்' என்று எழுதுகிறார்களே, அது மடிக்கட்டு. உள்ளே போனால் 199-க்கு ஒரு மூலையில் நான்கு கைக்குட்டைகள் இருக்கும். ஒரு நாளும் விற்றிராத 1,499 என்ற விலையை எழுதி, அதன்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 499 என்று எழுதுவது மடிக்கட்டுகூட இல்லை; அது நேரான பொய். வாங்கும் எண்ணமில்லாமலே விலையை ஏற்றிக் கேட்டு அடுத்தவனை மாட்டிவிடுவதை 'நஜ்ஷ்' என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இல்லாத பழைய விலை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மழையில் நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே பரப்பியிருந்தவரிடம், மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த வரலாறு முஸ்லிமில் இருக்கிறது. எறும்பு எழுத்தில் போட்டதை மேலே கொண்டுவந்து பெரிதாக எழுதுங்கள். அதற்குப் பிறகும் வருகிறவர் வரட்டும்.

இப்போது அந்த ஒரு ரூபாய்.

499 என்று விலை சொல்லி, ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கிய அக்கணமே, கல்லாவில் ஒரு ரூபாய் உங்களுடையதன்று. அது வாங்கியவரின் அமானிதம். 'சில்லறை இல்லை' என்ற ஒரு சொல்லால் அது உங்களுடையதாகிவிடுமா? ஒரு மிட்டாயை எடுத்துக் கையில் திணிக்கிறார்கள். மிட்டாயை அவர் கேட்டாரா? கொடுப்பவருக்கு அதன் அடக்க விலை ஒரு ரூபாயைவிடக் குறைவு. ஆகவே கேட்காத ஒரு பொருளைக் கேட்காத இலாபத்தில் அவருக்கு விற்றாயிற்று. இருவரும் மனமொப்பிச் செய்வதே வியாபாரம் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. பின்னால் வரிசை நிற்கும்போது வெட்கப்பட்டு வாய்மூடிப் போவது மனமொப்புதல் ஆகாது. இன்னும் சிலர் கல்லாவின் பக்கத்தில் ஒரு தர்மப் பெட்டி வைத்து மீதியைத் தாமே அதில் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் காசை அவர் அனுமதியின்றி எடுத்து நாம் செய்யும் ஸதகா யாருடைய ஏட்டில் எழுதப்படும்?

'ஒரு ரூபாய்தானே ஹஜ்ரத்' என்பீர்கள். இந்தச் சொல்லுக்காகவே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், அல்முதஃப்ஃபிஃபீன். மற்றவரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று தொடங்குவது. அந்தப் பெயரின் வேரைக் கவனியுங்கள். 'தஃபீஃப்' என்றால் அற்பமானது என்று பொருள். அளவையில் திருடுபவன் மூட்டையையா திருடுகிறான்? ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை. எடுப்பது அற்பமானதால் அவனுக்கு அந்தப் பெயரே வந்தது என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். அற்பம் என்பது அவர்களுக்குச் சாக்காக அமையவில்லை. அதுவே அவர்களைச் சுட்டும் பெயராக அமைந்துவிட்டது. நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அம்மக்கள் அளவையில் மிக மோசமானவர்களாக இருந்தார்கள், இந்த அத்தியாயம் இறங்கிய பின் அளவைச் சீராக்கிக்கொண்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது இப்னுமாஜாவில் உள்ளது.

அண்ணலாரின் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதையும் பாருங்கள். ஸுவைத் இப்னு கைஸ் (ரலி) அவர்களிடம் காற்சட்டை ஒன்றை விலைபேசி வாங்கினார்கள். அங்கே கூலிக்கு நிறுத்துக் கொடுப்பவர் ஒருவர் இருந்தார். விலையை நிறுக்கும்போது சற்றுத் தாராளமாகத் தட்டு தாழும்படி நிறுத்துக் கொடுக்குமாறு அவரிடம் கூறினார்கள். கொடுப்பவர் அன்னார், தட்டு தாழ்ந்தது எதிரில் இருந்தவரின் பக்கம்.

ஆகவே அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "499 என்று எழுதுங்கள், தடையில்லை. ஆனால் கல்லாவில் ஒரு ரூபாய் நாணயம் இல்லாத நாளில் அப்படி எழுதாதீர்கள். இல்லாவிட்டால் 495 என்று எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஐந்நூறு என்று எழுதி, ஐந்நூறே வாங்குங்கள். 499 என்று எழுதி ஐந்நூறு வாங்குவதைவிட அது எவ்வளவோ தூய்மையானது." அலைபேசியில் பணம் அனுப்புவோர் சரியாக 499 அனுப்பிவிடுகிறார்கள், இந்த வகையில் சில்லறைத் தொல்லை குறைந்துதான் இருக்கிறது. ஆனால் நோட்டைக் கொண்டு வருபவர்கள் யார்? வயதானவர்கள், சிறுவாடு சேர்த்து வைத்திருக்கும் பெண்கள், கூலி வாங்கி நேராகக் கடைக்கு வருபவர்கள். ஒரு ரூபாய் போகிறதென்றால் அது அவர்களிடமிருந்துதான் போகிறது.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெருநாள் துணி எடுக்கப் போகும்போது, ஐந்து பேருக்கு ஐந்து துணி, ஒவ்வொன்றும் 999 என்றால் மனத்தில் 'நாலாயிரத்துச் சொச்சம்' என்று ஓடும். கையிலிருந்து போவது ஐயாயிரத்துக்கு ஐந்து ரூபாய் குறைவு. இதைவிடப் பெரிய ஆபத்து 'மாதம் 999 மட்டும்' என்ற பலகை. இருபத்து நான்கு மாதம் கட்டினால் 23,976 ரூபாய். அப்பொருளின் ரொக்க விலை என்ன, இடையில் நிற்பது யார் என்று கேளுங்கள். கடைக்காரரே ஒரு விலையை முடிவாகப் பேசித் தவணையில் விற்பது வேறு. நிதி நிறுவனம் வட்டிக்குக் கடன் கொடுத்து அந்த வட்டியை 999-க்குள் ஒளித்து வைப்பது வேறு. பின்னதில் கையெழுத்திடுபவர் வட்டிப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். முதல் எண் சிறியதாக இருந்ததால் அதைப் பார்க்கவில்லை என்பது நாளை மஹ்ஷரில் எடுத்து வைக்கத்தக்க வாதமா?

நேற்று முன்தினம் அந்தச் சகோதரர் மீண்டும் வந்தார். வங்கியில் கேட்டாராம், அன்று நாணயம் இருப்பில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அப்போதுதான் எனக்கு நம் பள்ளிவாசல் உண்டியல் நினைவுக்கு வந்தது. அதை எண்ணும் நாளெல்லாம் ஒரு ரூபாய் நாணயங்கள் குவியலாக விழுவதை நிர்வாகிகள் அறிவார்கள். அவர்களிடம் பேசினேன், ஒப்புக்கொண்டார்கள். வியாபாரம் செய்யும் சகோதரர்கள் திங்கட்கிழமை லுஹருக்குப் பிறகு அலுவலக அறைக்கு நோட்டுடன் வந்து நாணயமாக மாற்றிக்கொள்ளலாம். அது பள்ளியின் பணம். ஆகவே இரண்டு பேர் முன்னிலையில், இரண்டு முறை எண்ணித்தான் தரப்படும். பொறுமையாக இருந்து வாங்கிச் செல்லுங்கள்.

குத்பாவுக்கு நேரம் நெருங்கிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.